கலங்கரை விளக்கமும் பால்வீதியும் ஒரே படத்தில்

இரவு வானத்தைப் படம் பிடிப்பது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய தொலைநோக்கி. அது இல்லாமலேயே இந்த வேலையைச் செய்யலாம். ஒரு கேமரா, ஆடாத முக்காலி, இருட்டான ஓரிடம், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் தேவை. வானத்தை மட்டும் படம் பிடித்தால் அது எந்த ஊர் வானம் என்று யாருக்கும் தெரியாது. அதே வானத்தின் கீழ் ஒரு கலங்கரை விளக்கமோ, படகுத்துறையோ, கடலுக்குள் நீண்ட பாறை முனையோ வந்துவிட்டால் படத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

உலகெங்கும் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. ஈரானைச் சேர்ந்த பாபக் தஃப்ரேஷி தொடங்கிய ‘தி வேர்ல்ட் அட் நைட்’ என்ற திட்டம், ஐக்கிய நாடுகள் அறிவித்த 2009ஆம் ஆண்டின் அனைத்துலக வானியல் ஆண்டில் பரவலாகப் பேசப்பட்டது. பல நாடுகளின் சின்னங்களையும் அவற்றின் மேலுள்ள ஒரே வானத்தையும் சேர்த்துக் காட்டுவது அதன் நோக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த ஆர்வம் பெருகியது அதற்குப் பிறகுதான். ஏறத்தாழ 2008 முதல் வந்த மின்னிலக்கக் கேமராக்கள் மங்கிய ஒளியையும் இரைச்சல் புள்ளிகள் அதிகமின்றிப் பதிவு செய்யத் தொடங்கின. ஃபிலிம் சுருள் காலத்தில் இது பெரும் செலவு பிடித்த விளையாட்டு. எடுத்த படம் தேறியதா என்று தெரிவதற்குக் கடைக்காரர் கழுவித் தரும் வரை காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு நம் கடற்கரையில் போய் நிற்பவர்கள் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் வானம் வேறு, ஐரோப்பிய வானம் வேறு. நம் பருவக்காற்று, கடல் ஏற்றவற்றம், ஈரக்காற்று எதுவும் அந்தப் புத்தகங்களில் இல்லை.

எப்போது, எந்தக் கரையில்?

எல்லாரும் தேடுவது பால்வீதியின் மையப் பகுதியை. பிறந்த நட்சத்திரம் தெரிந்த தமிழர்களுக்கு அதன் இருப்பிடத்தைச் சொல்வது எளிது. தேள் வடிவிலுள்ள விருச்சிகத்தில் செந்நிறமாக மின்னுவது கேட்டை. தேளின் கொடுக்கில் இருப்பது மூலம். அதையடுத்து தனுசு ராசியில் பூராடமும் உத்திராடமும் வருகின்றன. மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடைப்பட்ட அந்தத் திசையில்தான், சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில், நம் பால்வீதியின் மையம் இருக்கிறது. ஜாதகக் கட்டத்தில் எழுதிப் பார்த்த பெயர்களைக் கடலுக்கு மேலே நேரில் பார்ப்பது தனி மகிழ்ச்சி. விரலால் சுட்டிக் காட்ட வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் இன்னும் நல்லது.

திரெங்கானு, பகாங் போன்ற கிழக்குக் கரையில் இந்த மையம் தென்கிழக்கே, கடலிலிருந்தே எழுகிறது. மார்ச் மாத நடுவில் பின்னிரவு ஒன்றரை மணியளவில் அது எழும். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக உதிப்பதால் மாதத்துக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முந்திக்கொண்டே வரும். மே மாதப் பிற்பகுதியில் இரவு ஒன்பது மணிக்கே கடல் விளிம்பில் தலைகாட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை அந்தக் கரையை மூடி வைத்திருக்கிறது. மழை விலகுவதும் பால்வீதி திரும்புவதும் ஒரே சமயத்தில் நடப்பது அந்தக் கரைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

மேற்குக் கரை அவ்வளவு கொடுத்து வைக்கவில்லை. மலாக்கா நீரிணையை நோக்கி நிற்பவருக்குப் பால்வீதி கடலின் பக்கம் வருவது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, முன்னிரவில். தென்மேற்கே கடல் விளிம்பில் தொடங்கி, தலைக்கு மேலே ஏறிச் செல்லும் நிமிர்ந்த ஒளித்தூணாக அது நிற்கும். படத்துக்கு இதைவிட அழகான அமைப்பு இல்லை. ஆனால் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வருவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். 1997, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அந்தப் புகை எப்படி இருந்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. புகை மெல்லியதாக இருந்தாலும் அடிவானத்து நட்சத்திரங்களை முதலில் விழுங்கிவிடும். மேற்குக் கரையில் படம் எடுக்க நினைப்போர், இரவில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாளைக் குறிவைப்பது வழக்கம். காற்றிலுள்ள தூசியை மழை கழுவிவிட்டுப் போயிருக்கும்.

அமாவாசையின் இரண்டு முகங்கள்

நிலவில்லாத இரவுதான் வேண்டும் என்பதால் எல்லாரும் நாட்காட்டியில் அமாவாசையைத் தேடுவார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியனின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால், அந்த நாட்களையொட்டிக் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வடியும். நம் மீனவர்கள் கணக்குப் பார்த்து வலைபோடும் விஷயம் இது. வானம் மிக இருட்டாக இருக்கும் இரவும், கடல் மிக அதிகமாக ஏறி வரும் இரவும் ஒன்றுதான்.

கிள்ளான் துறைமுகப் பகுதியில் அத்தகைய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். அது ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கும் அதிகம். மாலையில் பாறைகளின் வழியே நடந்து போய், கலங்கரை விளக்கத்தைத் தூரத்தில் வைத்து முக்காலியை நிறுத்தியவர், மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பும்போது வந்த வழி தண்ணீருக்குள் இருக்கலாம். கண் முழுவதும் வானத்தில் இருப்பதால் காலடியில் நீர் ஏறுவது தெரிவதில்லை. கடல் ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. கேமராவின் மின்கலத்தைச் சரிபார்ப்பதற்கு முன் அந்த அட்டவணையைப் பார்ப்பதே சரியான வரிசை.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், ‘சுமத்ரா’ என்றே பெயர் பெற்ற திடீர்ப் புயற்காற்று நீரிணையைக் கடந்து மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் தாக்குவதுண்டு. மேற்கே மின்னல் தெரிந்தால், எத்தனை நல்ல படம் பாதியில் இருந்தாலும் முக்காலியை மடக்கிவிட வேண்டும். திறந்த கடற்கரையில் மிக உயரமான பொருள் அந்த முக்காலியும் அதன் பக்கத்தில் நிற்கும் ஆளும்தான்.

முழு இருட்டும் எப்போதும் நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமாவாசை இரவில் பாறையும் கட்டடமும் கரும்நிழலாகவே பதியும். வளர்பிறை மூன்றாம், நான்காம் நாள் பிறை மேற்கே தாழ்ந்து நிற்கும் நேரத்தில் அதன் மெல்லிய ஒளி கல்லிலும் மணலிலும் படிந்து, வானத்தையும் கெடுக்காமல் விட்டுவைக்கும். அனுபவசாலிகள் பலர் அமாவாசையை விட்டுவிட்டு இந்த நாட்களையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

விளக்கே பகையானால்?

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். போர்ட்டிக்சனுக்கு அருகே, நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான குன்று அது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் அங்கே விளக்கேற்றினர். 1606இல் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் அந்த முனைக்கு எதிரேதான் கடற்போர் நடத்தினர். இப்போதிருக்கும் கோபுரம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குன்றைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட காடு. ஆண்டுதோறும் மார்ச் மாத வாக்கில் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் கழுகு, வல்லூறு இனங்களைக் காண மக்கள் கூடும் இடமும் அதுவே. இரவில் காட்டுப்பாதையில் செல்வதென்றால் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். குன்றின் மேலே ஏறாமல், தள்ளி இருக்கும் கடற்கரையிலிருந்து முழுக் குன்றையும் வானத்தோடு சேர்த்து எடுப்பதே வசதி.

கலங்கரை விளக்கம் கப்பலுக்கு வழிகாட்டக் கட்டப்பட்டது. கேமராவுக்கு அது தொல்லை. வானத்துக்காக 15 அல்லது 20 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால், சுழலும் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலே படத்தின் நடுவில் வெள்ளைக் கறை விழுந்துவிடும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஒரு கருப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒளி வரும் நொடியில் லென்ஸின் கீழ்ப்பாதியை மறைத்து, ஒளி போனதும் எடுத்துவிடுவது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனி இடைவெளித் தாளம் உண்டு. கப்பல் மாலுமிகள் அந்தத் தாளத்தைக் கொண்டுதான் எந்த விளக்கு என்று அடையாளம் காண்கிறார்கள். பத்து நிமிடம் எண்ணிப் பார்த்தால் அட்டையை ஆட்டும் கைக்கும் அந்தத் தாளம் பழகிவிடும். மற்றொரு வழி, விளக்குக்காக ஓரிரு விநாடிப் படம் ஒன்றும் வானத்துக்காக நீண்ட படம் ஒன்றும் எடுத்துக் கணினியில் சேர்ப்பது. மலாக்கா நீரிணைப் பள்ளிவாசல் போன்று பிரகாசமாக ஒளியூட்டப்பட்ட கட்டடங்களுக்கு இந்த இரண்டும் உதவாது. அங்கே நிலவையோ வெள்ளி, வியாழன் கோள்களையோ நாடுவதே நல்லது.

கிழக்குக் கரையில் வேறொரு விளக்கு குறுக்கிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை திரெங்கானு கடலில் கணவாய் பிடிக்கும் பருவம். படகுகளில் எரியும் பெருவிளக்குகள் அடிவானம் முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் படரும். சிலர் அதைச் சபித்துக்கொண்டே கணினியில் அழிக்கிறார்கள். வேறு சிலர் அந்தப் பச்சை ஒளியையே படத்தின் அழகாக்கிவிடுகிறார்கள். பிந்தியவர்களின் படங்கள்தான் நினைவில் நிற்கின்றன. அந்தக் கடலின் உண்மையான இரவு அப்படித்தான் இருக்கிறது.

கேமராவுக்குச் சொல்ல வேண்டியவை

பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. அதனால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும் என்ற வாய்பாடு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 விநாடி. இந்த வாய்பாட்டை நம் ஊரில் அப்படியே நம்ப வேண்டாம். வான நடுக்கோட்டில் இருக்கும் நட்சத்திரங்களே கேமராவில் மிக வேகமாக நகர்பவை. நமக்கோ அந்தக் கோடு தலைக்கு மேலேயே போகிறது. 500க்குப் பதில் 300ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 15 விநாடி வரும். இக்காலக் கேமராக்களின் நுணுக்கத்துக்கு அதுவே பாதுகாப்பான அளவு.

லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 போன்ற அகன்ற அளவில் வைத்து, ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 6400க்குள் மாற்றிப் பார்க்க வேண்டும். படத்தைச் சுருக்காத ‘ரா’ கோப்பாகச் சேமித்தால் பிறகு திருத்துவது எளிது. தானியங்கிக் குவியம் இருட்டில் தடுமாறும். அதை நிறுத்திவிட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்புவதே வழி. விரல் பட்டு ஆடாமலிருக்க 2 விநாடித் தாமதத்தில் ஷட்டரை இயக்கலாம்.

கேமரா இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். 2019இல் கூகல் தன் பிக்சல் 4 கைத்தொலைபேசியில், பல படங்களை அடுக்கி நான்கு நிமிடம் வரை வானத்தைப் பதிவு செய்யும் வசதியைக் கொண்டு வந்தது. இப்போது பல நிறுவனங்களின் திறன்பேசிகளில் அதுபோன்ற இரவு முறை இருக்கிறது. கையில் பிடிக்காமல் முக்காலியில் பொருத்த வேண்டும், அவ்வளவே.

நம் ஊரின் தனித் தொல்லை ஈரம். குளிரூட்டிய காரிலிருந்தோ தங்கும் விடுதி அறையிலிருந்தோ கேமராவைக் கடற்கரைக்கு எடுத்து வந்ததும் லென்ஸ் முழுவதும் பனித்துப் போகும். துடைத்தால் மறுபடியும் பனிக்கும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு மெதுவாக வரவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திறப்பதே மருந்து. அந்த அரை மணி நேரத்தில் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும். கடல் காற்றில் வரும் உப்புத் திவலை வேறு விதம். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதித் தட்டி, பிறகு லென்ஸுக்குரிய திரவத்தில் நனைத்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

வட்டம் இங்கே வராது

கலங்கரை விளக்கத்தின் உச்சியைச் சுற்றி நட்சத்திரங்கள் வட்ட வட்டமாகச் சுழலும் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. துருவ நட்சத்திரம் அங்கே வானத்தில் உயரமாக நிற்பதால் முழு வட்டம் கிடைக்கிறது. ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அந்த ஊரின் அட்சரேகை. பினாங்கில் அது 5 பாகைக்குச் சற்று மேல். சிங்கப்பூரில் ஒன்றேகால் பாகை அளவில், கடல் மங்கலுக்குள் மறைந்தே கிடக்கும்.

இங்கே கிடைப்பது வேறு அழகு. கிழக்கு நோக்கிக் கேமராவை வைத்து ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்தால் நடுவிலுள்ள நட்சத்திரங்கள் நேர்க்கோடாக மேலே ஏறும். இடப்பக்கம் உள்ளவை இடமாகவும் வலப்பக்கம் உள்ளவை வலமாகவும் வளைந்து போகும். தென்னை மரத்தின் ஓலைகள் நடுவில் நிமிர்ந்தும் ஓரங்களில் வளைந்தும் விரிவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நிலநடுக்கோட்டு நாடுகளுக்கே உரிய காட்சி இது. ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்து வைக்காமல், 30 விநாடிப் படங்கள் 120 எடுத்து அடுக்குவதே இப்போதைய முறை. நடுவில் ஒரு கார் விளக்கு அடித்தாலும் அந்த ஒரு படத்தைத் தூக்கி எறிந்துவிடலாம்.

அரைவட்டமாவது வேண்டும் என்போர் சபாவுக்குப் போகலாம். கூடாட்டுக்கு அருகிலுள்ள தஞ்சோங் சிம்பாங் மெங்காயாவ், போர்னியோவின் முனை என்று அழைக்கப்படும் இடம். தென்சீனக் கடலும் சூலு கடலும் சந்திக்கும் அந்தப் பாறை முனையில் உலக உருண்டைச் சின்னம் ஒன்று நிற்கிறது. அட்சரேகை 7 பாகை. வடக்கே திறந்த கடல். நீட்டிய கையின் முஷ்டி 10 பாகை என்பார்கள். அந்த அளவுக்குள் துருவ நட்சத்திரம் கடலுக்கு மேலே நிற்க, மற்றவை அதைச் சுற்றி வானவில் போல வளையும்.

சிங்கப்பூரில் என்ன செய்யலாம்?

2016இல் வெளிவந்த ஒளி மாசு பற்றிய உலக வரைபட ஆய்வு, சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. அங்கு வாழும் அனைவருமே, கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்று அது கூறியது. 2023 ஜனவரியில் ‘சயன்ஸ்’ சஞ்சிகை வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளின்படி, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியிருக்கிறது. 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை 18 வயதாகும்போது அங்கே நூறுதான் தெரியும் என்பது அதன் கணக்கு. இக்கணக்கு நின்றால், திரெங்கானு கரையில் இன்று எடுக்கப்படும் படத்தை அந்தப் பிள்ளை பெரியவனாகி அதே இடத்தில் எடுக்க இயலாது.

அதற்காகச் சிங்கப்பூரர்கள் கேமராவை மூட்டைகட்ட வேண்டியதில்லை. நிலவுக்கு ஒளி மாசு ஒரு பொருட்டே அல்ல. நிலவோடு ஒரு கட்டடத்தைப் பொருத்துவது முழுக்க முழுக்கக் கணக்கு. வானத்தில் நிலவின் அகலம் சுமார் அரை பாகை. ஒரு பொருளை அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 110 மடங்கு தூரத்திலிருந்து பார்த்தால் அது நிலவின் அளவே தெரியும். 24 மீட்டர் உயரக் கோபுரமாக இருந்தால் 2.6 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து நீண்ட லென்ஸ் வழியாகப் பார்த்தால் முழு நிலவுக்குள் கோபுரம் கச்சிதமாக அடங்கும். 2008இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம் 150 மீட்டர் விட்டம் உடையது. 2 கிலோமீட்டரிலிருந்து பார்த்தால் அதன் அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நிலவு இருக்கும். சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையில் ஒரு மணி கோத்தது போலப் பதியும்.

எந்த நாளில், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு நிலவு எழும் என்பதைச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. பௌர்ணமிக்கு முந்திய நாள் மாலையில், சூரியன் மறையும் முன்பே நிலவு வந்துவிடுவதால், கட்டடமும் நிலவும் ஒரே அளவு வெளிச்சத்தில் அழகாக விழும்.

சேர்த்துச் செய்த படம் பொய்யா?

இந்தக் கலையில் அதிகம் சண்டை நடப்பது இந்தக் கேள்வியில்தான். ஒரே இடத்தில், ஒரே இரவில், முக்காலியை நகர்த்தாமல் நிலத்துக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக எடுத்துச் சேர்ப்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கண்ணுக்கு இருக்கும் திறன் கேமராவுக்கு இல்லை என்பதால் அது நியாயம்தான். வேறொரு நாட்டில் எடுத்த பால்வீதியைக் கொண்டு வந்து நகரத்துக் கோபுரத்தின் மேல் ஒட்டுவது வேறு கதை. அதை ஓவியம் என்று சொல்லிக் காட்டினால் ஆட்சேபணை இல்லை. புகைப்படம் என்று சொல்லிப் பரிசு வாங்கும்போதுதான் தவறாகிறது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் மின்னினால் அது பொய். அங்கே இருப்பது நிலவின் இருண்ட பகுதி, அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது. அந்தி வானத்துப் பிறையின் ஒளிப்பக்கம் சூரியன் மறைந்த திசைக்கு எதிரே திரும்பியிருந்தாலும் பொய். வடக்கு நோக்கிய கடற்கரையில் பால்வீதியின் மையம் நின்றால் அதுவும் பொய், நம் ஊரில் அது தெற்கு வானத்தை விட்டு வடக்கே வருவதே இல்லை. சிங்கப்பூரிலிருந்தே பால்வீதியை மிகுந்த உழைப்பால் பதிவு செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுவேலை பெருகினால் அப்படி உண்மையாக உழைத்தவரின் படத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். இழப்பு அவர்களுக்குத்தான்.

மணலில் இருப்பவர்கள்

பால்வீதி கிழக்குக் கடலில் எழும் மே முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில்தான் திரெங்கானு கரைக்குக் கடலாமைகள் முட்டையிட அதிகமாக ஏறி வருகின்றன. ரந்தாவ் அபாங்கில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்த பேராமைகள் இன்று ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. முட்டைகளை அள்ளியதும் மீன்வலைகளில் சிக்கியதும் அதற்குப் பெரிய காரணங்கள். மிஞ்சியிருக்கும் பச்சை ஆமைகளுக்கு வெளிச்சமும் ஒரு பகை. கரையேற வரும் தாய் ஆமை, மணலில் விளக்கு அசைந்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுவே கடல் என்று நம்பி ஓடும். இயற்கையான இரவில் அது சரியான வழி. சாலையோர விளக்கோ, தலையில் மாட்டிய டார்ச்சோ இருந்தால் அவை நிலத்தை நோக்கி ஓடி, காலையில் வெயிலில் கருகும்.

இருட்டைத் தேடிப் போகிறவரே இருட்டைக் கெடுக்கும் விந்தை இங்கே நடக்கிறது. பாறையை ஒளியூட்டிக் காட்டவேண்டும் என்று பலமான டார்ச்சை வீசுவது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஆமை வரும் கரையென்று தெரிந்தால் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். கால் வைக்கும் இடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு போதும், அதையும் கீழ்நோக்கியே பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கேமராவின் பின்திரையைக் கூட ஒளி குறைத்து வைப்பது நல்லது. பாதுகாப்புப் பணியாளர்கள் இருக்கும் கரைகளில் முதலில் அவர்களைப் பார்த்து, எந்தப் பகுதியில் நிற்கலாம் என்று கேட்டுக்கொண்டால் இருதரப்புக்கும் சிரமமில்லை.

நாட்காட்டியில் குறித்து வைக்க ஓர் இரவு இருக்கிறது. 2028 டிசம்பர் 31ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம். மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி இரவு பதினொரு மணி கடந்ததும் நிலவு பூமியின் நிழலுக்குள் நுழையத் தொடங்கி, புத்தாண்டு பிறந்த சற்று நேரத்தில் முழுவதும் மூழ்கிச் செந்நிறமாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கும். மரினா பே வாணவேடிக்கை ஓய்ந்த புகைக்கு மேலே செந்நிலவு நிற்கும் என்றால் கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நிலவு சிங்கப்பூரில் ஏறக்குறைய 68 பாகை உயரத்தில், உச்சிக்கு அருகில் இருக்கும். கட்டடத்தோடு சேர்த்து எடுக்க அகன்ற லென்ஸுடன் கட்டடத்தின் காலடியிலேயே, வடக்கு நோக்கி நிற்க வேண்டும். டிசம்பர் மேகம் வழிவிட வேண்டும் என்பது வேறு. கிழக்குக் கரைக்குப் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அங்கே அப்போது மழைக்காலம்.